எம்.சி.பி. போட்டாச்சு, அப்புறம் ஆர்.சி.சி.பி. எதுக்கு?

வீட்டு மெயின் போர்டைப் பற்றிக் கேட்டால் வழக்கமாக வரும் பதில், "நல்ல கம்பெனி எம்.சி.பி. போட்டிருக்கு, பயமே இல்லை" என்பதுதான். பயம் இருக்கிறது. எம்.சி.பி. என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச், ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும்.

பழைய பீங்கான் ஃபியூஸைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஃபியூஸ் போனதும் கையில் கிடைத்த செம்பு ஒயரில் நாலு இழையைப் பிரித்துச் சுற்றிவிடுகிறோம், அந்த இழை உருகுவதற்குள் சுவருக்குள் இருக்கும் ஒயர் கருகிவிடும். மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் சரியான ஆள், அதில் குறையே இல்லை. ஆனால் ஈரக்கையோடு ஒருவர் ஃபேஸைத் தொட்டால் உடம்பு வழியே போகும் கரண்ட் ஓர் ஆம்பியரில் கால்வாசிதான் இருக்கும். உயிரை எடுக்க அதுவே தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ, அதற்கும் ஒரு குண்டு பல்பு எரிவதற்கும் வித்தியாசம் தெரியாது.

"அதான் எர்த் இருக்கே" என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டோரமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு பைப் இறக்கியது. மண் காய்ந்த கோடையில் அதன் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசர் எலிமென்ட் வெடித்து ஃபேஸ் பாடியைத் தொட்டால், 230-ஐ 10-ஆல் வகுக்க, மண்ணுக்குள் இறங்குவது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது 1.44 மடங்குதான், 1.45 மடங்கு ஓடினாலே ட்ரிப் ஆக ஒரு மணி நேரம் வரை ஆகலாம் என்று தரநிலையே அவகாசம் கொடுக்கிறது. சி டைப் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். அதுவரை கீசர் பாடியில், அதே எர்த் ஒயரில் சேர்ந்திருக்கும் வாஷிங் மெஷின், பிரிட்ஜ் பாடியில், எல்லாவற்றிலும் ஆபத்தான அளவு வோல்டேஜ் நிற்கும். கீசருக்குக் கீழே ஒருவர் நனைந்தபடி குளித்துக்கொண்டிருப்பார்.

ஆர்.சி.சி.பி. வேறு விதமாக வேலை செய்கிறது. ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனதைவிடத் திரும்புவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 வினாடிக்குள் வெட்டிவிடும், கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகமாக. மேலே சொன்ன 23 ஆம்பியர் கசிவெல்லாம் அதற்குக் கண்மூடித் திறக்கும் வேலை. கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும், அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளுக்கு 30-தான். இன்வெர்ட்டர் ஏசி, புது மாடல் வாஷிங் மெஷின் இருந்தால் ஏ டைப் கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.சி.பி.க்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் பிடித்தால் கண்டுபிடிக்காது. ஓவர்லோடும் தெரியாது, அதனால் எம்.சி.பி. கூடவே இருந்தாக வேண்டும்.

அடுத்தது ஆர்.சி.பி.ஓ. இரண்டு வேலையும் ஒரே பெட்டிக்குள். விலை அதிகம், எல்லா லைனுக்கும் போட்டால் பட்ஜெட் தாங்காது. ஆனால் முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் மழையில் கேட் லைட்டில் தண்ணீர் இறங்கினாலும் மொத்த வீடும் இருட்டாகும், எங்கே லீக் என்று தேடவேண்டும். புது வீடு என்றால் கீசர், வாஷிங் மெஷின், மோட்டார், வெளி லைட் இவற்றுக்குத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ., மீதிக்கு ஓர் ஆர்.சி.சி.பி. என்பது என் தேர்வு. பழைய வீட்டுக்கு, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மெயினில் ஓர் ஆர்.சி.சி.பி. இன்றே போடுங்கள்.

"அடிக்கடி விழுது" என்று அதை பைபாஸ் செய்து டைரக்ட் கொடுப்பதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. பாதி வீடுகளில் காரணம் யு.பி.எஸ். லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸுக்குள் கலந்து கிடப்பது. பிரித்துவிட்டால் சரியாகிவிடும். அதுவும் இல்லை என்றால் நிஜமாகவே எங்கோ கசிகிறது, அதைத்தான் தேட வேண்டும்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழவேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அந்தப் பட்டன் எர்த் குழியைச் சோதிக்காது. அதற்கு எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டரோடுதான் வரவேண்டும்.