ரவென்னாவில் இரண்டு மணி நேர கைடு டூர்: தியோடோராவுக்கு ஐந்து ஸ்டார், கைடுக்கு இரண்டு

இத்தாலியில் பொலோன்யாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் ரயிலேறி ரவென்னா போய் வந்தோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. நான் இருபது வருடமாக ஆரி வேலை செய்கிறவள். அங்கே சான் விட்டாலே தேவாலயச் சுவரில் மொசைக்கில் இருக்கும் தியோடோரா ராணியின் படத்தை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், இருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் மனைவி அவள். அவள் அங்கியின் பார்டரைப் பார்த்த நாளிலிருந்து ஒரே நமைச்சல், நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று. மகள் ஆன்லைனில் ஒரு டூர் போட்டாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கைடு சொன்ன நேரத்துக்கு வந்தார். ஹெட்செட்டில் குரல் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் கல்லா பிளாசிடியா என்ற ரோமப் பேரரசியின் பெயரில் ஒரு சின்னக் கல்லறை மண்டபம் இருக்கிறது. உள்ளே ஐந்து நிமிடம்தான் நிற்க விடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடமும் மனிதர் வாயே திறக்கவில்லை. நீல விதானம், அதில் தங்க நட்சத்திரங்கள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். ஒரு ஸ்டார் அந்த மௌனத்துக்கு.

அப்புறம் சான் விட்டாலே. தியோடோராவுக்கு முன்னால் எங்களை நிறுத்தி அவர் ஆரம்பித்தது வம்புக் கதை. கான்ஸ்டான்டினோபிளில் கரடி வளர்த்தவரின் மகள், கூத்தாடி, அவள் யார் யாரோடு போனாள், இங்கே எழுத முடியாத ஒரு வாத்துக் கதை. கூட்டம் சிரித்தது. இதெல்லாம் புரோகோப்பியஸ் என்ற அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் ரகசியமாக எழுதி வைத்தது. 1623இல்தான் அச்சில் வந்தது. அதே ஆள் வெளிப்படையாக எழுதிய இடத்தில் இதே ராணியை வானளாவப் புகழ்ந்திருக்கிறார். கைடு அதைச் சொல்லவில்லை.

கரடிக்காரர் கதையிலேயே பாதியை விட்டுவிட்டார். அப்பா செத்ததும் அம்மா மூன்று பெண் குழந்தைகளுக்கும் மாலை போட்டு, ரேஸ் மைதானத்தில் கூட்டத்துக்கு முன்னால் மண்டியிட வைத்தாள், இரண்டாவது புருஷனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள் என்று கேட்டு. தேர்ப் பந்தயத்தில் பச்சை, நீலம் என்று இரண்டு பெரிய ரசிகர் கட்சிகள் இருந்தன. பச்சைக் கட்சிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. நீலக் கட்சிக்காரர்கள் வேலை கொடுத்தார்கள். பச்சைக்காரர்கள் மேல் அவளுக்குக் கடைசி வரை கோபம் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

532 ஜனவரியில் கான்ஸ்டான்டினோபிளில் ஜஸ்டினியனுக்கு எதிராக நடந்த கலவரத்தை மட்டும் நன்றாகச் சொன்னார். ஊர் எரிகிறது, ஜஸ்டினியன் கப்பலேறி ஓடத் தயார், அவள் மட்டும் நான் வரவில்லை, அரச பதவியே நல்ல சவத்துணி என்கிறாள். கேட்கும்போது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அதற்குப் பிறகு அதே மைதானத்தில் 30,000 பேரை வெட்டிச் சாய்த்தார்கள் என்பது ஏனோ ஹெட்செட்டில் வரவில்லை.

சட்டம் ஏதாவது போட்டாளா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். ‘நேரமாகிறது’ என்றார். 535இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து வயதுகூட ஆகாத பெண் பிள்ளைகளுக்குச் செருப்பும் துணியும் காட்டி ஏமாற்றி விபச்சாரத்துக்கு இழுக்கிறார்கள் என்று அதில் எழுதி, அந்தத் தரகர்களை ஊரை விட்டே துரத்தச் சொல்கிறது. சட்டம் ஜஸ்டினியன் பெயரில்தான். ஆனால் அதே வருடம் போட்ட இன்னொரு சட்டத்தில், மனைவியையும் கலந்துகொண்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களுக்காக பாஸ்பரஸ் ஜலசந்திக்கு அக்கரையில் ஒரு மடமும் கட்டினார்கள். அவளைப் புண்ணியவதி என்று நான் சொல்ல வரவில்லை. போப் ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கியதில் அவள் கை இருந்தது. ஆனால் வாத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

கூட்டம் கிளம்பியதும் நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கி நின்றுவிட்டோம். டூரில் கிடைத்த நல்ல அரை மணி நேரம் அதுதான்.

மொசைக் என்றால் நமக்கு வீட்டுத் தரைதான் ஞாபகம் வரும். இது வேறு. கண்ணாடிச் சில்லுக்குள் தங்கத் தகடு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நாம் ஓரடி நகர்ந்தால் சுவரே நகர்கிற மாதிரி மினுங்குகிறது, நல்ல ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பது போல. ஊதா அங்கி. கிரீடத்திலிருந்து தோள் வரை முத்துச் சரங்கள். கையில் தங்கக் கிண்ணம். கீழே அந்த பார்டரில், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோகும் மூன்று ஞானிகள், முன்னால் குனிந்து, கையை நீட்டிக்கொண்டு. மேலே அவளும் அதே மாதிரி கிண்ணத்தை நீட்டுகிறாள். டிசைன் போட்டவர் லேசுப்பட்டவர் இல்லை. பார்டரில் உருவம் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மடிப்பு விழும் இடத்தில் முகம் வந்தால் தீர்ந்தது.

எதிர்ச் சுவரில் ஜஸ்டினியன் நிற்கிறார். ஜோடியாக இந்த ஊருக்கு வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவள் ரவென்னாவில் கால் வைத்ததே இல்லை. தேவாலயத்தை 547இல் அர்ப்பணித்தார்கள், 548 ஜூன் 28 அன்று அவள் செத்துப்போனாள்.

போகிறவர்கள் டிக்கெட் மட்டும் எடுங்கள். கைடு காசில் ஒரு சின்ன பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடைதான். வெளியே கடையில் தியோடோரா ஃபிரிட்ஜ் மேக்னட் விற்கிறார்கள், நானும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், மார்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். பார்டரே இல்லை.