மாதச் சந்தா இல்லாத வீட்டு அலாரம்: வேலூர் வீட்டுக்கு எது பொருந்தும்?

மாதச் சந்தா கட்டினால் எங்கோ ஓர் அறையில் ஆள் உட்கார்ந்து உங்கள் வீட்டு அலாரத்தைக் கவனிப்பார். சந்தா வேண்டாம் என்றால் அந்த வேலையை வேறு யாராவது பார்த்தாக வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் பார்க்கலாம், எதிர்வீட்டுக்காரர் பார்க்கலாம். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்குக் கதவு உடைபடும்போது, கரண்ட் இல்லாவிட்டாலும், இந்தக் கருவி யாரை எழுப்பும்? வைஃபை சென்சார், சிம் போடும் பேனல் (சென்சார்களைக் கவனிக்கும் மையப் பெட்டி), ஒயர் இழுத்த பேனல் மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடலாம். கேமராவை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது நடந்ததைப் பதிவு செய்யும், தெருவை எழுப்பாது.

வைஃபை வகைதான் போடுவதற்குச் சுலபம். கதவு சென்சாரை ஒட்டி, ஸ்மார்ட் லைஃப் போன்ற ஆப்பில் சேர்த்தால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். பெரும்பாலான சென்சார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். ரௌட்டரில் 2.4-உம் 5-உம் ஒரே பெயரில் இருந்தால் சில சமயம் சென்சார் சேர மறுக்கும், இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுத்தால் சேரும். இதன் பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கதவு திறந்த செய்தி இணையம் வழியாகச் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் சைரன் கத்தும் என்ற அமைப்பே இங்கு அதிகம். இன்வெர்ட்டரில் ரௌட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும், தெருவில் கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டிக்குக் கரண்ட் போனால் எல்லாம் ஊமையாகிவிடும். ஆப் அனுப்பும் நோட்டிபிகேஷனும் தூங்குகிறவரை எழுப்பாது. ஜிக்பீ (வைஃபை இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் பேசும் ரேடியோ முறை) ஹப் ஒன்றை வாங்கி, சென்சாரும் சைரனும் ஜிக்பீயாகவே இருக்க, 'கதவு திறந்தால் சைரன் அடி' என்ற விதியை ஹப்பிலேயே ஓடவைத்தால் இணையம் இல்லாமலும் சைரன் அடிக்கும். சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டில் இது நல்ல தேர்வு. சொந்த வீட்டில் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சிம் போடும் பேனலை ஜிஎஸ்எம் பேனல் என்பார்கள், அது சிம் வழியாக நேரடியாகப் போன் செய்கிறது. சந்தா இல்லாத வீட்டுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், ஏனென்றால் மணி அடிக்கும் போனை எடுக்காமல் விடுவது கடினம். ஆனால் வாங்கும்போது பேனல் 2ஜியா 4ஜியா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி பேனலில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் தான் போட வேண்டும். 4ஜி பேனலிலும் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) அழைப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள், டேட்டா மட்டும் ஓடும் மாடல்களும் இருக்கின்றன.

சிம்மை முதலில் சாதாரணப் போனில் போட்டு, சிம்மின் PIN லாக்கை எடுத்துவிட்டு, ஒரு கால், ஓர் எஸ்எம்எஸ் போகிறதா என்று பார்த்த பிறகே பேனலில் செருகவும். ரீசார்ஜ் காலாவதியான சிம்தான் இந்த வகையில் அடிக்கடி வரும் கோளாறு. பேனலில் பச்சை விளக்கு எரியும், சைரன் அடிக்கும், போன் மட்டும் போகாது. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் கொண்ட திட்டங்களைக் கம்பெனிகள் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. நீண்ட நாள் செல்லுபடியாகும் அந்த வகைத் திட்டம் பேனலுக்குப் போதும்.

அடுத்தது அடாப்டர். 2ஜி மாடம் போன் போடும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மலிவான அடாப்டரோ, உப்பிப்போன உள் பேட்டரியோ இருந்தால், டயல் செய்யும்போதே பேனல் அணைந்து மறுபடி எழும். ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து சோதியுங்கள். கரண்ட் இருக்கும்போது செய்யும் சோதனையில் பேட்டரியின் குறை தெரியாது.

எண்களை வரிசைப்படுத்தும்போது, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர் முதலில் வரட்டும், வெளியூர் மகன் இரண்டாவது. 100, 112 எண்களைப் பேனலில் போடாதீர்கள். போலீசுக்கு ஆள்தான் பேசவேண்டும், பூனை கிளப்பிய அலாரத்துக்கு அவசர இணைப்பை அடைப்பது நியாயமில்லை. பல நாள் பூட்டிவிட்டுப் போவதாக இருந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அழைப்பு வரும் எல்லாப் போனிலும் பேனலின் எண்ணைச் சேமித்து, சைலன்ட்டிலும் மணி அடிக்கும்படி விலக்குக் கொடுங்கள்.

இந்தப் பேனல்களோடு வரும் 433 மெகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் சென்சார்கள் மலிவானவற்றில் ஒருவழிதான், செய்தி அனுப்பும், பதில் கேட்காது. பேட்டரி செத்த சென்சாரைப் பேனல் கவனிக்காது. ரிமோட்டின் குறியீடும் மாறாதது, நகலெடுக்க முடியும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து பார்ப்பதுதான் மாற்று.

ஒயர் பேனலுக்கு இந்தக் கவலைகள் பாதி இல்லை. வீடு கட்டும்போதோ பெயின்ட் அடிக்கும் முன்போ 4 கோர் கேபிள் இழுத்துவிட்டால், சென்சார்களுக்குப் பேட்டரி மாற்றும் வேலையே இல்லை. 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரியில் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் பேனல் கணக்குப்படி 70 மணி நேரம் நிற்கும், பழைய பேட்டரியில் அதில் பாதியை நம்புங்கள். இந்த பேட்டரிக்கு வெயில் எதிரி, மொட்டைமாடி அறையில் வைக்காமல் கீழ்த்தளத்தில் வையுங்கள். எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று: ஒயர் நலமாக இருக்கிறதா என்று பேனல் அறிய உதவும் முனை ரெசிஸ்டரைப் பேனல் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். அது சென்சாரின் முனையில் இருந்தால்தான் இடையில் ஒயரை ஷார்ட் செய்வதைப் பேனல் கண்டுபிடிக்கும். மின்சார ஒயரோடு ஒரே பைப்பில் இந்தக் கேபிளை விடக்கூடாது. போன் போடும் வசதி உள்ள பேனலாக வாங்குங்கள், இல்லையென்றால் சைரனோடு நின்றுவிடும். முடிந்துபோன வீட்டில் கேசிங் அடித்து ஒயர் இழுப்பது செலவும் அசிங்கமும். அங்கே சிம் பேனலே மேல்.

எந்த வகை வாங்கினாலும் வேலூர் வெயிலைக் கணக்கில் எடுக்கவேண்டும். அசைவைக் கண்டுபிடிக்கும் பிஐஆர் சென்சார், உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. கத்திரி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள், கான்கிரீட் தளத்துக்குக் கீழே, சுவரே 35 டிகிரியைத் தாண்டும்போது அந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடும். பத்து மீட்டர் என்று அட்டையில் போட்ட சென்சார் அப்போது பக்கத்தில் வந்தால்தான் விழிக்கும். எனவே இங்கே முதல் காவல் கதவு மேக்னெட் சென்சார் (கதவில் காந்தம், சட்டத்தில் சென்சார்), பிஐஆர் இரண்டாவது. பிஐஆரை ஏழெட்டு அடி உயரத்தில், திருடன் நேராக வராமல் குறுக்கே கடக்கும்படி மூலையில் வையுங்கள். லென்ஸின் மேல் ஊரும் பல்லி போதும், அலாரம் அடிக்க. டியூப்லைட்டுக்குப் பூச்சியும் பூச்சிக்குப் பல்லியும் வரும், விளக்கிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

மேக்னெட்டிலும் கவனம் வேண்டும். இரும்பு கிரில் கேட்டில் நேராகப் பொருத்தினால் இரும்பு காந்தத்தின் விசையைத் தின்றுவிடும். நடுவில் ஒரு சென்டிமீட்டர் மரத்துண்டு கொடுக்கவும், அல்லது ஷட்டருக்கான கனமான மேக்னெட் சென்சார் வாங்கவும். மரக்கதவு ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் சுருங்கும், ஆகவே காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியை 10 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். மேற்கு வெயில் படும் கதவில் ஒட்டும் டேப் இளகிவிடும், ஸ்குரூ போடுங்கள். மொட்டைமாடிக் கதவை மறக்காதீர்கள்.

சைரன் இரண்டு வேண்டும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே சன்ஷேடுக்குக் கீழே, ஏணி இல்லாமல் கை எட்டாத உயரத்தில். வெளிச் சைரன் மூன்று நிமிடத்தில் தானே நிற்கும்படி அமைத்துவிடுங்கள். முதல் வாரம் சைரனை இணைக்காமல், போன் மட்டும் வரும்படி ஓடவிட்டு, பொய் அலாரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு சைரனை இணையுங்கள். நள்ளிரவில் இரண்டு முறை வீணாக எழுந்து வந்த எதிர்வீட்டுக்காரர் மூன்றாவது முறை வரமாட்டார்.