ஃபிலடெல்ஃபியாவின் காலிமனைப் பராமரிப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நகர நிர்வாகத்துடன் சேர்ந்து நடத்திவரும் 'லேண்ட்கேர்' சேவையின் வேலை பார்வைக்கு எளியது. குப்பையும் புதரும் மண்டிய காலிமனையைச் சுத்தம் செய்து, மேடுபள்ளங்களை நிரவி, புல் விதைத்து, சில மரக்கன்றுகளை நட்டு, தாழ்வான மரவேலி போட்டு, பின்னர் அவ்வப்போது வந்து புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். அந்த வேலி எனக்கு மிகவும் பிடித்தது. குறுக்குச் சட்டங்கள் மட்டுமே கொண்ட அதில் ஆள் நுழைய வழி விட்டிருப்பதால், வண்டியில் குப்பை கொண்டுவந்து கொட்டுவது தடைபடுகிறதே தவிர, அக்கம்பக்கத்தார் உள்ளே போய் உட்காருவது தடைபடுவதில்லை.

இச்சேவையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதன்மையான காரணம், அது சோதனைக்கு உட்படுத்தப்பட்ட விதம். ஒரு பகுதியைச் சீரமைத்தபின் அங்கே குற்றம் குறைந்தால், குறைத்தது சீரமைப்பா, அல்லது ஏற்கெனவே முன்னேறிக்கொண்டிருந்த பகுதியைத் தேர்ந்தெடுத்ததா என்ற ஐயம் எப்போதும் எஞ்சி நிற்கும். சார்லஸ் பிரனாஸும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 541 காலிமனைகளை 110 தொகுதிகளாக்கி, எதற்கு முழுப் பசுமையாக்கம், எதற்குக் குப்பை அகற்றிப் புல் வெட்டுவது மட்டும், எதை அப்படியே விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தனர். விரும்பிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லாததால், 2018இல் வெளியான முடிவுகளை நம்ப முடிகிறது: வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில், சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது.

அதே ஆண்டு வெளியான மனநல ஆய்வு இன்னும் நுட்பமானது. பசுமையாக்கிய மனைகளுக்கு அருகே வசித்தவர்களில், மனச்சோர்வாக உணர்வதாகச் சொன்னோர் ஒப்பீட்டுப் பிரிவைவிட ஏறத்தாழ 41 விழுக்காடு குறைந்தனர். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் அத்தகைய தெளிவான மாற்றம் தென்படவில்லை. ஆகவே செலவை மிச்சப்படுத்த எண்ணிப் புல்லையும் மரத்தையும் கைவிடும் நிர்வாகம், குடியிருப்போரின் மனநலத்துக்குக் கிடைக்கும் பலனையும் சேர்த்தே கைவிடக்கூடும்.

குறை ஒன்று உண்டு. பல மனைகள் இன்னமும் தனியார் சொத்து. உரிமையாளர் விற்றாலோ கட்டடம் எழுப்பினாலோ, மக்கள் பழகிவிட்ட திறந்தவெளி போய்விடும். நீண்டகாலம் நிலைக்கும் பூங்காவை எதிர்பார்ப்பவர்களுக்கு இச்சேவை போதாது. கைவிடப்பட்ட மனைகளைக் குறைந்த செலவில் உடனே சீராக்க விரும்பும் நகரங்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.