ஸ்பிரிங் அவேக்கனிங்: 2006 குழுவா, 2015 குழுவா?

1891ஆம் ஆண்டு ஜெர்மனியில், பெரியவர்கள் எதையும் விளக்கிச் சொல்லாததால் தவிக்கும் பதின்வயதினரின் கதைதான் இந்த ராக் இசை நாடகம். நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் 2006 டிசம்பரில் அரங்கேறிய முதல் குழுவில், முதன்மை வேடங்களில் நடித்த ஜோனதன் கிராஃபுக்கு வயது 21, லியா மிஷேலுக்கு 20. பழங்காலக் கோட்டுக்குள்ளிருந்து மைக்கை உருவி ராக் பாடுவார்கள். அந்த ஓர் அசைவிலேயே ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிடுவார்கள். படிப்பில் திணறும் மாணவன் மோரிட்ஸாக நடித்த ஜான் கலாகர் ஜூனியருக்கு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. நாடகத்துக்கு மொத்தம் எட்டு.

2015இல், காது கேளாதவர்களும் கேட்பவர்களும் சேர்ந்து நடிக்கும் டெஃப் வெஸ்ட் குழு நாடகத்தையே வேறாக்கியது. நாயகி வெண்ட்லாவாக நடித்த சாண்ட்ரா மே ஃபிராங்க் காது கேளாதவர். அவர் சைகை மொழியில் பேச, கிட்டாரோடு கேட்டி போக் குரல் கொடுப்பார். மோரிட்ஸாக வந்த டேனியல் டூரன்ட்டுக்கும் இதே ஏற்பாடு. 1880இல் மிலானில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டுக்குப் பின் ஐரோப்பியப் பள்ளிகளில் சைகை மொழியை ஒதுக்கிவைத்தார்கள் என்பதை நினைத்தால், வகுப்பறையில் மோரிட்ஸ் வாய்விட்டுப் பேசத் திணறும் காட்சி நெஞ்சைப் பிசையும். முதல் குழுவில் அவன் வெறும் மக்குப் பையன்தான்.

பாட்டு மட்டும் போதுமென்றால் 2006 குழுவின் ஒலிப்பதிவுக்கு ஈடில்லை. கதைக்கு என் ஓட்டு 2015க்கே. ஆனால் அது ஓடியதென்னவோ நான்கே மாதம்.