1951ஆ, 1982ஆ: எங்கள் முற்றத்தில் ஓடிய இரண்டு ‘த திங்’

போன மாதம் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சீலை கட்டி, இரவல் புரொஜெக்டரில் படம் பார்த்தோம். கச்சான் காற்று அனலாக வீசுகிற நாட்கள். பனியில் நடக்கும் கதையாக இருக்கட்டும் என்று ‘த திங்’கைத் தெரிவு செய்தோம். எந்த ‘த திங்’ என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பெரியப்பாவுக்கு 1951இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டும். எனக்கும் மச்சானுக்கும் ஜோன் கார்பென்டர் 1982இல் எடுத்த மறுஆக்கம். கடைசியில் அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் போட்டோம். சீலை காற்றில் ஆடாமலிருக்க அடியில் நாலு செங்கல் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: ஜோன் டபிள்யூ. கேம்பல் 1938இல் எழுதிய குறுநாவல். பனிக்குள் புதைந்து கிடந்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று முகாமுக்குள் வந்துவிடுகிறது. பழைய படம் வட துருவப் பக்கம் நடக்கிறது, புதியது அண்டார்டிகாவில். நிறம், இரத்தம், பயங்கரம் எதில் கூட என்று சொல்லத் தேவையில்லை.

பழைய படத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பனிக்கு அடியில் கிடப்பது எவ்வளவு பெரிது என்று பார்க்க, ஆட்கள் அதன் விளிம்பில் கைகளை நீட்டியபடி நிற்கிறார்கள். மெல்ல மெல்ல அது ஒரு வட்டமாகிறது. அந்த இடத்தில் முற்றத்தில் ஒருவர்கூடப் பேசவில்லை. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் படமும் முடிந்துவிடும். பெரியப்பா சொன்ன நியாயமும் சரிதான்: “அதில எல்லாரும் ஒண்டா நிண்டு சண்டை பிடிக்கினம். பார்க்க மனசுக்கு ஆறுதல்.”

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பழைய படத்தில் அந்த உயிர் நெருங்கி வருவதைக் கதிர்வீச்சுக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். முள் ஏறினால் கதவைப் பார்த்துத் தயாராகலாம். எதிரி வெளியே நிற்கிறான், வேறு உருவத்தில் நிற்கிறான். 1982 படத்தில் அப்படி எந்தக் கருவியும் இல்லை. அந்த உயிர் பக்கத்தில் இருப்பவனைப் போலவே மாறிவிடும். நாவலில் இருந்த இந்த விஷயத்தை 1951காரர்கள் விட்டுவிட்டார்கள், கார்பென்டர் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுஆக்கம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இரத்தப் பரிசோதனைக் காட்சியைப் பாருங்கள். மிச்சமிருப்பவர்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் இரத்தமும் ஒரு சின்னத் தட்டில். மக்ரெடியாக வரும் கேர்ட் ரசல் கம்பியைச் சுடவைத்து ஒவ்வொன்றாகத் தொடுகிறார். சுர் என்று சத்தம் வந்தால் மனிதன். அடுத்தவனின் முறை. இதற்குள் செத்துப்போன ஒருவனின் இரத்தத்தையும் தொட்டுப் பார்க்கிறார்கள். சந்தேகத்தில் நெருக்கி, கத்தியோடு பாய்ந்தபோது மக்ரெடியே சுட்ட ஆள். அவனும் மனிதன்தான்.

அந்த இடத்தில் பெரியப்பா கதிரையை விட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். பின்னால் போன என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எங்களையும் மைதானத்தில இப்பிடித்தான் வரிசையா விட்டவங்கள். முகத்தை மூடின ஒருத்தன் இருப்பான். அவன் தலையாட்டாட்டி வீட்டை போகலாம். எனக்கு முன்னால நிண்ட பெடியனுக்கு ஆட்டினவன்.” போர்க்காலத்தில் இராணுவம் ஊரை வளைத்து ஆட்களைப் பிடித்த சுற்றிவளைப்பு, முகமூடிக்குள் இருந்து ஆளைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அண்டார்டிகாப் பனியில் நடக்கும் கதை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய படத்தால் அது முடியாது.

1982 படத்து உருவங்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் பெரும்பாலானவை இருபது வயதைச் சற்றே கடந்திருந்த ரொப் பொட்டின் ரப்பரிலும் பசையிலும் செய்தவை. கணினி வேலை இல்லாததால் சதை சதையாகவே தெரிகிறது. நாய்க்கூட்டுக் காட்சி வரும்போது சின்னப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். நாங்கள் பிந்திவிட்டோம், தங்கையின் மகன் அன்றிரவு தூங்கவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு பழைய படமே நல்லது.

1982இல் விமர்சகர்கள் இதை வெளுத்து வாங்கினார்கள். இரண்டு வாரம் முன்னால்தான் ‘ஈ.டி.’ வந்து, அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டியிருந்தது. மரியாதை பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் வந்தது. 2011இல் இதே பெயரில் வந்த முன்கதைப் படத்தை ஒரே ஒருமுறை, சின்னத் திரையில்தான் பார்த்தேன், அதனால் என் சொல்லைத் தீர்ப்பாக எடுக்கவேண்டாம். பல் அடைப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் யோசனை பிடித்தது. கணினி உருவங்கள் மனதில் நிற்கவில்லை.

மச்சான் பழைய படத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறான். 1982 படம் இரண்டாம் தரம் பார்க்கும்போதுதான் திறக்கிறது. யார் எப்போது மாறினான், யார் யாரோடு தனியாக இருந்தான் என்று கண் தேடத் தொடங்கிவிடும். வருகிற சனிக்கிழமை திரும்பப் போடச்சொல்லிக் கேட்டிருப்பது பெரியப்பாதான். ஆரம்பத்தில் முகாமுக்கு வரும் நாய் ஓர் அறைக்குள் போகும்போது சுவரில் விழும் நிழல் யாருடையது என்று அவருக்குப் பார்க்கவேண்டுமாம்.