ஷெல்லியின் இரண்டு நாடகங்கள்: எதை முதலில் எடுப்பது?

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியைப் படித்தே தீருவது என்று உட்கார்ந்தபோது நான் எடுத்தது 'கட்டவிழ்ந்த புரோமிதியஸ்'. அவருடைய உச்சம் அதுதான் என்பார்கள். பாரதியே 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவராயிற்றே என்ற ஆசை வேறு. இரண்டாம் அங்கத்தில் நின்றுவிட்டேன். ஆறு மாதம் கழித்து 'தி சென்ச்சி'யை எடுத்தேன். இரண்டே இரவில் முடிந்தது. முதலில் எது என்று கேட்டால் சென்ச்சிதான் என்பேன்.

கவிதை அழகு இரண்டிலும் உண்டு, அதில் வழக்கே இல்லை. இரண்டும் இத்தாலியில் எழுதப்பட்டவை. புரோமிதியஸின் மூன்று அங்கங்களை முடித்துவிட்டு, 1819 கோடையில் சென்ச்சியை எழுதி, அப்புறம்தான் நான்காம் அங்கத்துக்குத் திரும்பினார்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அடிக்குறிப்புதான். புரோமிதியஸில் டெமொகோர்கன் யார், ஏசியா யார், ஜூபிடரை வீழ்த்துவது எது என்று பக்கத்துக்குப் பக்கம் விரலைக் கீழே வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பாட்டு காதில் ஏறும் நேரத்தில் கண் குறிப்புக்குப் போய்விடும். சென்ச்சியில் அந்தத் தொல்லை இல்லை. முதல் வரியே பேரம்: ரோமின் பின்சியன் வாயிலுக்கு வெளியே இருக்கும் நிலத்தைப் போப்புக்கு எழுதிக்கொடுத்தால் அந்தக் கொலை விவகாரம் அமுங்கிவிடும் என்று சென்ச்சி பிரபுவிடம் சொல்கிறார் ஒரு கார்டினல், போப்புக்கு அடுத்த நிலைப் பாதிரியார். இதற்கு எந்த ஊரிலும் விளக்கவுரை வேண்டாம்.

அதே அங்கத்தில் ஒரு விருந்து. சென்ச்சி பிரபு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, தன் இரண்டு மகன்கள் செத்த செய்தியைச் சந்தோஷமாகச் சொல்கிறான். மகள் பியாட்ரிஸ் விருந்தினர்களிடம், எங்களை இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சுகிறாள். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். பின்னால் நான்காம் அங்கத்தில், அவள் ஆட்கள் வைத்து அப்பனைக் கொன்ற கொஞ்ச நேரத்தில், அவனைப் பிடித்துக் கொல்லச் சொல்லும் ஆணையோடு போப்பின் தூதர் வந்து நிற்கிறார்! படித்த இரவு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

புரட்சிக் கவிஞர் என்றால் புரோமிதியஸ்தானே பொருத்தம் என்று கேட்கலாம். அதில் விடுதலை கிடைத்துவிடுகிறது: நாயகன் புரோமிதியஸ் தேவர்களின் அரசன் ஜூபிடருக்கு இட்ட சாபத்தைத் திரும்பப் பெறுகிறான், அந்தக் கொடுங்கோலன் விழுகிறான். சென்ச்சியில் சாபம் கொலையாகிறது. பழிவாங்குவது தவறு என்று முன்னுரையில் ஷெல்லியே எழுதுகிறார். ஆனாலும் பியாட்ரிஸின் பக்கத்திலிருந்து நம்மை நகர விடமாட்டேன் என்கிறார். எனக்கு இதுதான் கனமாகத் தெரிகிறது.

மேடையில் எது நன்றாக வரும் என்பதை என்னால் சொல்ல முடியாது, இரண்டையும் மேடையில் பார்த்ததில்லை. ஷெல்லி சென்ச்சியை நடிப்பதற்கென்றே எழுதினார். தகப்பன் மகளுக்குச் செய்யும் கொடுமை கதையின் மையம் என்பதால் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கு மறுத்துவிட்டது. 1886இல் லண்டனில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒருமுறை, அங்கே பொதுமக்களுக்கு 1922இல்தான். அதற்குள் ஷெல்லி கடலில் மூழ்கி நூறு வருஷம் ஆகிவிட்டது.

கடைசியில் பியாட்ரிஸ் சித்தியிடம், இடுப்புக் கச்சையைக் கட்டிவிடுங்கள், தலைமுடியை ஏதாவது எளிய முடிச்சாகப் போட்டுவிடுங்கள் என்கிறாள். கொலைக்களத்துக்குக் கிளம்பும் நேரம் அது. அதன் பிறகு புரோமிதியஸுக்குத் திரும்பினேன். நான்காம் அங்கத்தில் பூமியும் நிலாவும் மாறி மாறிப் பாடும் இடம் மட்டும் பிடித்துவிட்டது. மற்றதெல்லாம் இன்னும் விரலைக் கீழே வைத்துக்கொண்டுதான்.