பில் ஃபைலுக்குத் தானே பெயர் வைக்கும் எக்ஸெல் மேக்ரோ: செவ்வாய்ப்பேட்டைக் கணக்குக்குத் தாங்குமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி எல்லாம் போட்டு எக்ஸெல்லில்தான் பில் போடுகிறீர்களா? ஒரு பட்டனைத் தட்டினால் தேதி, பார்ட்டி பெயர், பில் நம்பர் சேர்த்துத் தானே சேவ் செய்யும் மேக்ரோ (எக்ஸெல்லுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) தாராளமாகப் போதும், தனி சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. ஆனால் நாம் செய்வதைப் பதிந்து மேக்ரோவாக்கும் 'ரெக்கார்ட் மேக்ரோ'வை நம்பாதீர்கள். பதியும்போது கொடுத்த பெயரையே அது பிடித்துக்கொள்ளும். ஆல்ட் எஃப்11 அடித்து மேக்ரோ எழுதும் திரையைத் திறந்து, செல்லிலிருந்து பெயரை எடுக்கும் பத்துப் பதினைந்து வரிகளைக் கையால்தான் எழுத வேண்டும்.

அதிகம் சிக்குவது சாய்கோட்டில் (/). ஜிஎஸ்டி பில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். சாய்கோடும் சிறுகோடும் போடலாம். அதனால் பலரும் 25-26/0147 என்றுதான் வைக்கிறார்கள். விண்டோஸோ அந்தச் சாய்கோட்டை ஃபோல்டர் பிரிவாக எடுத்துக்கொள்ளும். 1004 எரர் வந்து நிற்கும். 'எம்/எஸ்' என்று தொடங்கும் பார்ட்டி பெயருக்கும் இதே கதிதான். மேக்ரோவில் 'ரீப்ளேஸ்' வைத்துச் சாய்கோட்டைச் சிறுகோடாக்கி விடுங்கள். தேதியை 2025-07-04 என்று வருடம் முன்னால் வரும்படி வைத்தால் ஃபோல்டரில் பில்கள் நாள்வாரியாக வரிசையில் நிற்கும்.

அடுத்தது, பழைய பில் மேல் புது பில் விழுவது. எச்சரிக்கை காட்டாதபடி மேக்ரோவில் 'டிஸ்ப்ளே அலர்ட்ஸ்' ஃபால்ஸ் என்று எழுதியிருந்தால் கேட்காமலேயே மேலெழுதிவிடும். பெரிய ஆபத்து இதுதான். அதே பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பார்ட்டி பெயர் தமிழில் இருந்தால் இதற்கு, ஃபைலைத் தேடும் 'டிர்' கட்டளை உதவாது. தமிழ் எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றிக்கொண்டு தேடும், அது தரும் பதிலை நம்ப முடியாது. அதற்குப் பதில் 'ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்'டின் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' தமிழ்ப் பெயரைச் சரியாகப் பார்க்கும்.

ஆடிட்டருக்கு அனுப்பும் பில்லில் மேக்ரோ வேண்டாம். ஷீட்டைப் புது ஒர்க்புக்காகக் காப்பி செய்து, ஃபார்முலாக்களை வேல்யூவாக மாற்றி, ஃபார்மேட் 51 (மேக்ரோ இல்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) கொடுத்து 'சேவ் ஆஸ்' செய்வதே சரி. 'சேவ் காப்பி ஆஸ்' ஃபார்மேட்டை மாற்றாது; மேக்ரோ ஃபைலுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று பெயர் மட்டும் வைத்தால் திறக்க மறுக்கும். கோடிங்கை ஷீட்டின் பின்னால் எழுதாமல் தனி மாட்யூலில் வையுங்கள். இல்லையென்றால் காப்பியோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஆள் வைத்து எழுதி வாங்கினால் ஃபைல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வரும், மேக்ரோ ஓடாமல் சிவப்புப் பட்டை காட்டும். ஃபைல் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'அன்பிளாக்' டிக் செய்தால் சரியாகும். எழுதியவர் தெரிந்தவராக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

செல்போன் எக்ஸெல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இந்த மேக்ரோ ஓடாது. போனிலேயே பில் போடும் கடைக்கு இது ஒத்துவராது.